பெட்டிக்குள் ஒரு பூதம்!
மின்சார ஸ்கூட்டரின் பேட்டரிப் பெட்டியில் ஓட்டை எதற்கு?

ஈக்காட்டுத்தாங்கல்!

சென்னையில், கிண்டிக்கும் அசோக் நகருக்கும் நடுவே இருக்கிறது, இந்த இடம். ஒரு பக்கம் அடையாறு. இன்னொரு பக்கம் கிண்டி தொழிற்பேட்டை. தலைக்கு மேலே மெட்ரோ ரெயில் ஓடுகிறது. 2015-ம் ஆண்டு சென்னையில் முதன் முதலாக மெட்ரோ ரெயில் விட்டார்களே, அந்தப் பாதையில் இதுவும் ஒரு நிலையம்.

காலை 9 மணிக்கு இங்கே வந்து நின்று பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களின் வண்டிகள் எறும்புச் சாரை போல ஊர்ந்து போகும். அவற்றுக்கு நடுவே பச்சை நிற நம்பர் பலகை மாட்டிய ஸ்கூட்டர்களைக் காணலாம். அவை மின்சார ஸ்கூட்டர்கள்.

சத்தம் இல்லாமல் வரும். சத்தம் இல்லாமல் போகும். பெட்ரோல் வேண்டாம். புகையும் இல்லை.

புகை இல்லையா? ஓடும்போது இல்லைதான். ஆனால், வரக் கூடாத நேரத்தில் ஒரு புகை வருவது உண்டு. அது பொல்லாத புகை!

வேலூரில் நடந்தது

2022-ம் ஆண்டு மார்ச் மாதம் 25-ந் தேதி இரவு.

வேலூரில் ஒரு வீட்டில், மின்சார ஸ்கூட்டருக்கு "சார்ஜ்" போட்டுவிட்டுத் தூங்கினார்கள். எல்லோரும் அயர்ந்து உறங்கும் நேரத்தில் ஸ்கூட்டர் தீப்பிடித்தது. வீடு முழுவதும் புகை சூழ்ந்தது. தந்தையும், 13 வயது மகளும் மூச்சுத் திணறி இறந்து போனார்கள்.

அவர்கள் உயிரைக் குடித்தது நெருப்பு அல்ல, புகை.

அதே வாரத்தில் புனாவிலும், மணப்பாறையிலும், சென்னையிலும் மின்சார ஸ்கூட்டர்கள் எரிந்தன. செப்டம்பர் 12-ந் தேதி செகந்திராபாத்தில் அதை விடக் கொடுமை நடந்தது. ஒரு கட்டிடம். கீழே மின்சார ஸ்கூட்டர் விற்கும் கடை. மேலே தங்கும் விடுதி. கீழே பிடித்த தீயின் புகை, மாடிப்படி வழியாக மேலே ஏறியது. 8 பேர் மாண்டார்கள்.

"பேட்டரி ஏன் எரிகிறது?" என்று எல்லோரும் கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், பேட்டரிக்குப் பெட்டி செய்கிறவர்களின் கேள்வி வேறு.

"ஆயிரத்தில் ஒன்று, பத்து லட்சத்தில் ஒன்று, கெட்டுத்தான் போகும். கெட்டுப் போனால், உள்ளே உண்டாகும் வாயு எந்த வழியாக வெளியே போகும்?"

இந்தக் கேள்வியில்தான் உயிர் இருக்கிறது.

விரல் அளவு உருளை

மின்சார ஸ்கூட்டரின் பேட்டரி ஒரே கட்டி அல்ல. அதற்குள் சின்னச் சின்ன உருளைகள் இருக்கின்றன. டார்ச் விளக்கில் போடுகிற கட்டை போலவே இருக்கும். "செல்" என்று பெயர். ஒரு வகை செல், 18 மில்லி மீட்டர் பருமன், 65 மில்லி மீட்டர் உயரம். கிட்டத்தட்ட பெரியவர்களின் கட்டை விரல் அளவு. இப்படி 300 செல்களை அடுக்கினால், ஒரு ஸ்கூட்டருக்குப் போதும்.

செல்லுக்குள்ளே இரண்டு தகடுகளைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். தகடுகள் ஒன்றோடு ஒன்று தொட்டு விடாமல் அந்தத் தாள் காக்கிறது. எல்லாம் ஒரு திரவத்தில் ஊறிக்கொண்டிருக்கும். அந்தத் திரவம், பெட்ரோலைப் போல எரியக் கூடியது.

அடிபட்டாலோ, அளவுக்கு மேல் சார்ஜ் ஏறினாலோ, செய்யும்போதே உள்ளே ஒரு உலோகத் தூசி விழுந்து விட்டாலோ, செல் சூடாகும். 130 டிகிரி அளவில் தாள் உருகும். தகடுகள் தொட்டுக் கொள்ளும். சூடு மேலும் ஏறும். பிறகு யாராலும் நிறுத்த முடியாது. தன் சூட்டிலேயே தான் வெந்து, சில விநாடிகளில் பல நூறு டிகிரிக்குப் போய்விடும்.

இந்த நெருப்புக்கு வெளிக்காற்று கூட அவசியம் இல்லை. பல வகை செல்களில், தகட்டில் இருக்கும் ரசாயனப் பொருளே பிராணவாயுவைக் கக்கும்!

திரவம் வாயுவாக மாறும். ஒரு செல்லில் இருந்து எவ்வளவு வாயு வரும் தெரியுமா? ரகத்தைப் பொறுத்து, 1 லிட்டரில் இருந்து 6 லிட்டர் வரை! கட்டை விரல் அளவு உருளை, தன்னைப் போல 300 மடங்கு பெரிய பூதத்தை வெளியே விடுகிறது.

அந்தப் பூதத்தில் என்னென்ன இருக்கின்றன? ஹைட்ரஜன் இருக்கிறது. அது வெடிக்கும். கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, ஆளைக் கொல்லும். ஹைட்ரஜன் புளோரைடு என்ற நச்சு வாயுவும் கொஞ்சம் உண்டு. நுரையீரலை அரிக்கும்.

ஒவ்வொரு செல்லின் தலையிலும் ஒரு மெல்லிய தகடு வைத்திருக்கிறார்கள். உள்ளே அமுக்கம் கூடினால், அது கிழிந்து வழி விடும். செல் வெடிக்காமல் "உஸ்" என்று வாயுவை விடும்.

சரி, செல்லை விட்டு வெளியே வந்த வாயு எங்கே போகும்? பெட்டிக்குள்தானே!

ஒன்றரை டன்!

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், கூட வைத்துக் கொள்ளுங்கள்.

பேட்டரிப் பெட்டியின் மூடி 30 சென்டி மீட்டர் நீளம், 20 சென்டி மீட்டர் அகலம் என்று வைத்துக் கொள்வோம். பெட்டியில் துளி ஓட்டை கூட இல்லை. காலையில் உள்ளே 27 டிகிரி சூடு. சித்திரை வெயிலில் வண்டி ஓடி, 57 டிகிரி ஆகிறது. செல் எதுவும் கெடவில்லை. உள்ளே இருக்கும் வெறும் காற்றுதான் சூடாகிறது. அதற்கே அமுக்கம் பத்தில் ஒரு பங்கு கூடிவிடும். மூடியை உள்ளே இருந்து 60 கிலோ பளு தள்ளும். ஒரு ஆள் முதுகு கொடுத்து முட்டுவது போல!

இப்போது ஒரு செல் கெடுகிறது. 5 லிட்டர் வாயு. சாமான்கள் போக, பெட்டியில் மீதி இடம் 2 லிட்டர்தான். அப்படியானால், மூடியைத் தள்ளும் பளு 1,500 கிலோ. அதாவது ஒன்றரை டன்! வாயுவின் சூட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. சேர்த்தால் இன்னும் கூடும்.

எந்தத் திருகாணி தாங்கும்? பெட்டி வெடிக்கும். வெடித்த இடத்தில் வெளிக்காற்று புகும். தீ எழும். பக்கத்து செல் சூடாகும். பிறகு அதன் பக்கத்து செல். ஒன்றன் பின் ஒன்றாக, பட்டாசுச் சரம் போல!

குக்கர் தெரியும் அல்லவா?

இந்த ஆபத்துக்கு என்ன மருந்து என்று தாய்மார்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. சமையல் அறையில் குக்கர் இருக்கிறது. நீராவி கூடினால் மேலே உள்ள "வெயிட்" தூக்கிக் கொண்டு கூவுகிறது. "வெயிட்" அடைத்துக் கொண்டால், மூடியில் இருக்கும் சின்ன வால்வு உருகி வழி விடுகிறது. வீட்டுக் கூரையில் சாம்பார் தெறித்தாலும், குக்கர் வெடிப்பது இல்லை.

1679-ம் ஆண்டு டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரர், நீராவிப் பானை ஒன்றை லண்டனில் செய்து காட்டினார். இன்றைய குக்கருக்கு அதுதான் பாட்டன். பானை வெடிக்காமல் இருக்க, அமுக்கம் கூடினால் தானே திறக்கும் மூடியையும் அவர்தான் கண்டுபிடித்தார்.

வீட்டில் "இன்வெர்ட்டர்" வைத்திருக்கிறவர்களுக்கு இன்னொரு உதாரணம். அதன் பேட்டரிக்கு மாதா மாதம் தண்ணீர் ஊற்றுகிறீர்களே, ஏன்? சார்ஜ் ஏறும்போது, தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜனாகவும் பிராணவாயுவாகவும் போய்விடுகிறது. அது வெளியேறத்தான், ஒவ்வொரு மூடியிலும் ஊசி முனை அளவு துவாரம் வைத்திருக்கிறார்கள். காற்றில் 100-க்கு 4 பங்கு ஹைட்ரஜன் கலந்தால் போதும், ஒரு பொறியில் வெடித்துவிடும். அந்தப் பேட்டரியின் மேலேதான் சில வீடுகளில் பழைய துணி மூட்டையையும், பத்திரிகைக் கட்டையும் அடுக்கி வைக்கிறார்கள்!

ஆகாய விமானத்தில் புகை

பெட்டியின் அருமையை உலகத்துக்குக் காட்டியது, ஒரு ஆகாய விமானம்.

போயிங் 787. அமெரிக்காவில் செய்தது. 2013-ம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி, ஜப்பானில் இருந்து வந்த 787 விமானம் ஒன்று பாஸ்டன் நகரில் நின்று கொண்டிருந்தது. பயணிகள் இறங்கிப் போய்விட்டார்கள். உள்ளே சுத்தம் செய்து கொண்டிருந்தவர்கள், புகையைக் கண்டார்கள். பேட்டரி எரிந்து கொண்டிருந்தது!

ஒன்பதே நாள். ஜனவரி 16-ந் தேதி, ஜப்பானில் பறந்து கொண்டிருந்த இன்னொரு 787-ல் அதே கதை. தகாமட்சு நகரில் அவசரமாக இறக்கினார்கள். பயணிகள் சறுக்கு வழியாக இறங்கி ஓடினார்கள்.

உலகம் முழுவதும் இருந்த 50 விமானங்களும் தரையில் நின்றன. ஏர் இந்தியாவின் 6 விமானங்களும் அதில் அடக்கம்.

காரணம் என்ன? மாதக் கணக்கில் ஆராய்ந்தார்கள். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அப்போது என்ஜினீயர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள். "செல் கெடும் என்றே வைத்துக் கொள்வோம். கெட்டாலும் விமானத்துக்கு ஒன்றும் ஆகக் கூடாது."

செல்களை விலக்கி வைத்து, நடுவே சூடு தாண்டாத தடுப்புகளைப் போட்டார்கள். முழு பேட்டரியையும் எவர்சில்வர் பெட்டிக்குள் வைத்தார்கள். அந்தப் பெட்டியில் இருந்து, விமானத்தின் வெளிப்புறம் வரைக்கும் ஒரு உலோகக் குழாய். வாயு வந்தால் அது நேராக ஆகாயத்துக்குப் போய்விடும்! ஏப்ரல் மாதம் அனுமதி கிடைத்து, விமானங்கள் மறுபடியும் பறந்தன.

பலன் கிடைத்ததா? 2014-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி, ஜப்பானில் நரிடா விமான நிலையத்தில் நின்ற 787 ஒன்றில் இருந்து வெள்ளைப் புகை வந்தது. ஒரு செல் கெட்டிருந்தது. புகை குழாய் வழியாக வெளியே போயிற்று. தீ இல்லை. யாருக்கும் காயம் இல்லை.

வழி இல்லாத அறை

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 2019-ம் ஆண்டு ஏப்ரல் 19-ந் தேதி, அமெரிக்காவில் அரிசோனா மாநிலம். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பெரிய பேட்டரிகளை, ஜன்னல் இல்லாத ஒரு கட்டிடத்தில் வைத்திருந்தார்கள். செல்கள் கெட்டன. தீயை அடக்கும் கருவி தானே வேலை செய்தது. ஆனால், வாயு போக வழி இல்லை. உள்ளேயே தேங்கி நின்றது. தீ அணைக்கும் வீரர்கள் வந்து, காத்திருந்து, கதவைத் திறந்தார்கள். வெளிக்காற்று உள்ளே புகுந்தது. சற்று நேரத்தில் பயங்கர வெடிப்பு! வீரர்கள் தூக்கி எறியப்பட்டார்கள். 4 பேருக்குப் பலத்த காயம்.

தண்ணீர் வரக் கூடாது; வாயு போக வேண்டும்!

"பெட்டியில் ஒரு ஓட்டை போட்டால் தீர்ந்தது" என்று நினைக்கலாம். அவ்வளவு சுலபம் இல்லை. ஈக்காட்டுத்தாங்கல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

"தாங்கல்" என்றாலே சிறிய ஏரி என்றுதான் பொருள். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது! 2015-ம் ஆண்டு டிசம்பரில், செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, அடையாறு பெருக்கெடுத்தபோது, கரையோரம் இருந்த இந்தப் பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. வண்டிகள் படகு போல மிதந்தன.

பேட்டரிக்குள் தண்ணீர் புகுந்தாலும் ஆபத்துதான். உப்புத் தண்ணீர் என்றால், கேட்கவே வேண்டாம். அதனால், பேட்டரிப் பெட்டியை 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்க வைத்துப் பார்க்கிறார்கள். ஒரு சொட்டு கூட உள்ளே தீங்கு செய்யக் கூடாது. "ஐ.பி. 67" என்று முத்திரை போடுகிறார்கள். (2015 வெள்ளம் 30 நிமிடத்தில் வடியவில்லை என்பது வேறு விஷயம்!)

இன்னொரு சங்கடம். வெயிலில் ஓடிய வண்டி மீது திடீர் என்று மழை பெய்கிறது. பெட்டி குளிர்கிறது. உள்ளே காற்று சுருங்குகிறது. சுருங்கிய காற்று, ரப்பர் வளையத்தின் இடுக்கு வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். இறுக மூடிய பெட்டிதான் இப்படி அதிகமாக உறிஞ்சும்.

ஆக, பெட்டி மூச்சு விட வேண்டும். ஆனால், தண்ணீர் குடிக்கக் கூடாது!

இதற்கு உதவிக்கு வந்தது, தோசைக் கல். அதாவது, ஒட்டாத தோசைக் கல்லில் பூசுகிறார்களே, அந்தப் பொருள். 1938-ல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் என்ற ரசாயன நிபுணர் தற்செயலாகக் கண்டுபிடித்தது. 1969-ல் பாப் கோர் என்பவர், அந்தப் பொருளால் ஆன கம்பியைச் சூடாக்கி, நீட்டிப் பார்த்தார். மெதுவாக இழுத்தால் அறுந்து போயிற்று. ஒரு தடவை வெடுக்கென்று இழுத்தார். அறுவதற்குப் பதில், கை நீளத்துக்கு நீண்டது! அப்படி நீண்ட பொருளில், கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள் கோடிக் கணக்கில் இருந்தன. காற்று நுழையும், தண்ணீர்த் துளி நுழையாது.

அந்தத் தாளை வட்டமாக வெட்டி, சின்ன மூடியில் வைத்துப் பெட்டியில் திருகி விடுகிறார்கள். அன்றாட மூச்சுக்கு அது போதும். ஆனால், செல் கெட்டுப் பூதம் கிளம்பினால், அந்த நுண்ணிய துவாரங்கள் போதாது. அதனால், குறிப்பிட்ட அமுக்கம் வந்ததும், தாள் கிழியும்படி, அல்லது மூடியே தெறித்துத் திறக்கும்படி செய்கிறார்கள். சில பெட்டிகளில் இதற்கென்று தனியாக ஒரு வாசல் உண்டு.

வாசலை எங்கே வைப்பது?

பெட்டி செய்கிறவர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது.

வாசல் பெரியதாக இருந்தால் தண்ணீர் பயம். சிறியதாக இருந்தால் வாயு தேங்கும். பலவீனமான தாள் என்றால், ரோட்டுக் குழியில் வண்டி குதிக்கும்போதே கிழியும். பலமான தாள் என்றால், அது கிழியும் முன் மூடி பிய்த்துக் கொள்ளும்.

எந்தப் பக்கம் வைப்பது? ஸ்கூட்டர் பேட்டரி, கால் வைக்கும் பலகைக்கு அடியிலோ, உட்காரும் இடத்துக்கு அடியிலோ இருக்கிறது. வாசல் மேலே பார்த்து இருந்தால், ஓட்டுகிறவருக்கு ஆபத்து. ஒயர்களைப் பார்த்து இருந்தால், ஒயர் உருகும். கீழே, அல்லது பின் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். கீழே வைத்தால், சேறு அடைத்துக் கொள்ளும்!

உள்ளேயும் வழி வேண்டும். 300 செல்களையும் ஒரே பக்கம் தலை வைத்து அடுக்கி, அந்தத் தலைகளுக்கு எதிரே காலி இடம் விட வேண்டும். எந்த செல் கெட்டாலும், அதன் சூடான மூச்சு பக்கத்து செல் மேல் படாமல், அந்த இடைவழியாக ஓடி, வாசலுக்குப் போக வேண்டும். வழியில் கம்பி வலை ஒன்றைப் போட்டால், பறக்கும் நெருப்புத் துணுக்குகளைப் பிடித்துக் கொள்ளும். வலைக்கு நெருப்பைத் தடுக்கும் குணம் இருப்பதை 1815-லேயே ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேயர், நிலக்கரிச் சுரங்க விளக்கில் செய்து காட்டி விட்டார்.

அலுமினியத்தை வார்த்து, அல்லது தகட்டை வளைத்து, பெட்டி செய்கிறார்கள். கிண்டி தொழிற்பேட்டையும் அதைச் சுற்றி உள்ள பட்டறைகளும் தகடு வெட்டுவதிலும், கடைசல் வேலையிலும் பேர் பெற்றவை. தொழிற்பேட்டை 1958-ம் ஆண்டு தொடங்கியது. தகடு வளைக்கும் கைகளுக்கு இங்கே பஞ்சம் இல்லை. ஆனால், பேட்டரிப் பெட்டிக்குக் கை நேர்த்தி மட்டும் போதாது. ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில், நகத்தால் கீறிய அளவு கோடு இருந்தாலும், தண்ணீர்ச் சோதனையில் பெட்டி தோற்று விடும்.

அரசாங்கம் போட்ட சட்டம்

2022-ல் அடுத்தடுத்து நடந்த விபத்துக்களுக்குப் பிறகு, மத்திய அரசாங்கம் நிபுணர் குழுவை அமைத்தது. மின்சார ஸ்கூட்டர் பேட்டரிக்கான விதி கடுமை ஆயிற்று. "ஏ.ஐ.எஸ். 156" என்பது அந்த விதியின் பெயர். முதல் கட்டம் 2022-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதியும், இரண்டாம் கட்டம் 2023-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதியும் அமுலுக்கு வந்தன.

அதன்படி, பேட்டரிப் பெட்டியில் அமுக்கம் தணிக்கும் வாசல் கட்டாயம் இருக்க வேண்டும். சூட்டை உணரும் கருவிகள் இருக்க வேண்டும். ஆபத்து என்றால், விளக்கு எரிந்து மணி அடிக்க வேண்டும்.

சோதனை எப்படி? புனாவிலும், சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் வாகன ஆராய்ச்சி நிலையங்கள் உள்ளன. பேட்டரிக்குள் ஒரு செல்லை வேண்டும் என்றே கெடுக்கிறார்கள்! அது வெந்து வாயு கக்கும்போது, தீ மற்ற செல்களுக்குத் தாவி பெட்டி எரியக் கூடாது, வெடிக்கவும் கூடாது.

செல்லின் ரகத்திலும் மாறுதல் வந்திருக்கிறது. இரும்பும் பாஸ்பேட்டும் கலந்த ஒரு ரகம் இருக்கிறது. அது சுலபத்தில் கெடாது. கெட்டாலும் வாயு குறைவு. "அப்படியானால் வாசல் வேண்டாமே!" என்று எண்ணி விடக் கூடாது. அந்தக் கொஞ்ச வாயுவிலும் ஹைட்ரஜன் இருக்கிறது.

வீட்டில் என்ன செய்வது?

வாசல் எவ்வளவு நன்றாக இருந்தாலும், அது வாயுவைப் பெட்டிக்கு வெளியேதான் விடும். வீட்டுக்கு வெளியே விடாது! ஈக்காட்டுத்தாங்கல் போன்ற நெருக்கமான இடங்களில், ஸ்கூட்டரை மாடிப்படிக்கு அடியில் நிறுத்துகிறார்கள். அந்த வீட்டில் இருப்பவர்களுக்கு வெளியே போக அந்தப் படி ஒன்றுதான் வழி. படுக்கை அறைக்குள் பேட்டரியைக் கழற்றி வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போடுகிறவர்களும் உண்டு. இரண்டும் கூடாது. காற்றோட்டம் உள்ள இடத்தில், வெளியே போகும் வழியை மறிக்காமல் நிறுத்த வேண்டும். கம்பெனி கொடுத்த சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

புகை வந்தால்? தண்ணீர் வாளியைத் தேடி ஓட வேண்டாம். ஆட்களை வெளியே கூட்டிக் கொண்டு ஓடுங்கள். 101-க்கு டெலிபோன் செய்யுங்கள்.

பழைய வண்டிகள் கதை வேறு. 2022 டிசம்பருக்கு முன்பு விற்ற ஸ்கூட்டர்கள் இன்னும் ரோட்டில் ஓடுகின்றன. அவற்றில் சிலவற்றின் பெட்டியில் இந்த வாசல் இல்லாமல் இருக்கலாம். வண்டி வாங்கிய கடையில் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. மழைத் தண்ணீர் புகுகிறது என்று சொல்லி, பெட்டியில் இருக்கும் துவாரத்தைப் பசை போட்டு அடைப்பது, குக்கர் வால்வில் ஆணி அடிப்பதற்குச் சமம்.

அந்த வாசலைப் பார்க்க வேண்டுமா? பேட்டரியைக் கழற்றக் கூடிய வண்டியாக இருந்தால், பெட்டியின் ஓரத்தில் பாருங்கள். பெரும்பாலும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுப்பு மூடி ஒன்று தெரியும். அதற்குள்ளே மெல்லிய வெள்ளைத் தாள். வண்டியைக் கழுவும் கடையில், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீரை அதன் மேல் நேராக அடிக்க விடாதீர்கள். தாள் கிழிந்து விடும். குச்சியால் குத்தியும் பார்க்கக் கூடாது. ஈரத் துணியால் துடைத்தால் போதும்.